காத்தவனுக்கு ஒரு கல்

பெங்களூரு கஸ்தூர்பா சாலையில், சிவப்புக் கட்டடத்தில் இயங்குகிறது அரசு அருங்காட்சியகம். 1865-இல் தொடங்கப்பட்ட அந்த இடத்தில் ஒரு நாய்க்கு நட்ட கல் இருக்கிறது. நாயின் பெயர் காளி.

கி.பி. 949-இல் தக்கோலத்தில், இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்தில், ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்கும் சோழருக்கும் பெரும் போர் நடந்தது. சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே உயிர்விட்டான். அவனைக் கொன்றவன், கிருஷ்ணன் பக்கம் நின்ற கங்க மன்னன் பூதுகன். போரில் தீரம் காட்டிய மணலேரன் என்ற வீரனிடம், வேண்டியதைக் கேள் என்றான் பூதுகன். மணலேரன் கேட்டது காளி என்ற வேட்டைநாயை. பிறகு ஒருநாள் அந்த நாய் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதியது; இரண்டுமே மாண்டன. மண்டியா மாவட்டம் ஆத்தகூரில், கோயிலுக்கு முன்னால் காளிக்கு அந்தக் கல்லை நட்டார்கள். அதன் பூசைக்கு நிலமும் விட்டார்கள். ஒரு சாம்ராஜ்யத்தை உலுக்கிய போரும், ஒரு நாயின் சாவும் ஒரே கல்லில் பதிவாகியிருக்கின்றன.

துணிச்சலைச் சொல்ல எல்லா மொழியிலும் அலங்காரமான தொடர்கள் உண்டு. சிங்கத்தின் நெஞ்சம் என்பார்கள் ஆங்கிலேயர். நாமும் அஞ்சா நெஞ்சம் என்போம். இப்படி நடப்படும் வீரக்கற்களில் பெரும்பாலும் அந்த அலங்காரம் இருக்காது. யார், எங்கே, எதற்காக நின்றான், எப்படி விழுந்தான் என்ற விவரமே அங்கே புகழுரை.

பேகூர் சொல்லும் சேதி

பெங்களூருவின் ஓசூர் சாலையிலிருந்து சற்றே உள்ளே தள்ளி இருக்கிறது பேகூர். அங்குள்ள நாகேஸ்வரர் கோயிலில், ஏறத்தாழ கி.பி. 890-ஐச் சேர்ந்த பழங்கன்னடக் கல்வெட்டு ஒன்று பெங்களூரு என்ற ஊரில் நடந்த சண்டையைக் குறிப்பிடுகிறது. அதில் உயிரிழந்தவன் நாகத்தரன் என்ற தலைவனின் வீட்டைச் சேர்ந்த புட்டணசெட்டி. கெம்பேகவுடா 1537-இல் கோட்டை கட்டி நகரத்தை உருவாக்குவதற்கு ஆறரை நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தப் பெயர் வழங்கியிருக்கிறது. பெங்களூரு என்ற பெயருக்கு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளில் ஒன்று, போரில் விழுந்த ஒருவனின் நினைவுக்கல்.

நாகத்தரனும் களத்தில்தான் மாண்டான். தும்பேபாடிப் போரில் யானைகளோடு மோதி அவன் இறந்ததைச் சொல்லும் பேகூர்க் கல்லை அதே அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். யானை, குதிரை, வில், வாள் என்று ஒரு முழுப் போர்க்களத்தையே சிற்பி அதில் நெருக்கமாகச் செதுக்கியிருக்கிறான்.

கீழிருந்து மேலே

வீரக்கல்லைக் கீழிருந்து மேலாகப் பார்க்க வேண்டும். வழக்கமாக அடியில் சண்டை. நடுவில் தேவமகளிர் வீரனை வானுலகுக்கு அழைத்துச் செல்லும் காட்சி. உச்சியில் அவன் சிவலிங்கத்தின் முன் அமர்ந்திருப்பான்.

இந்தக் கற்களுக்குரியவர்கள் எல்லோரும் தலைவர்கள் அல்லர். கள்ளர் ஓட்டிச் சென்ற மாடுகளை மீட்கப் போனவன், ஊரைக் கொளுத்த வந்தவர்களைத் தடுத்தவன், பெண்களின் மானம் காக்க நின்றவன், புலியோடு மல்லுக்கட்டியவன் எனச் சாதாரண மனிதர்களே மிகுதி. 2018-இல் பெங்களூருவின் ஹெப்பாளில் கால்வாய்க்குப் பள்ளம் தோண்டியபோது வெளிப்பட்டது கிட்டையன் என்பவனின் கல். கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்தது, ஏறக்குறைய கி.பி. 750. ராஷ்டிரகூடப் படை ஊருக்குள் புகுந்தபோது எதிர்த்து நின்று மாண்டவன் கிட்டையன். பன்னிரண்டரை நூற்றாண்டுக்குப் பிறகும் அவன் பெயரை நாம் உச்சரிக்க முடிவது அந்த ஊரார் செய்த மரியாதையால்தான்.

நம் நடுகற்கள்

தமிழருக்கு இது அந்நியமான மரபு அல்ல. கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி வாழ்த்துவது வரை நடுகல் சடங்கின் படிநிலைகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழி எழுத்துக் கல், கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் இறந்தவனின் பெயரைச் சொல்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதாக எழுதி வைத்திருக்கிறார்கள். காளிக்கு முன்னூறு ஆண்டுகளுக்கு மூத்த கோவிவனும் அதே துணிவுக்காகத்தான் நினைக்கப்படுகிறது. அரசர்கள் மாறினாலும், எல்லைகள் மாறினாலும், யாரைக் கொண்டாட வேண்டும் என்பதில் கன்னட ஊரும் தமிழ் ஊரும் ஒன்றுபட்டிருந்தன.

இன்று இந்தக் கற்களுக்குக் காவல் தேவைப்படுகிறது. அடுக்குமாடிகளும் சாலை விரிவாக்கமும் விழுங்கியவை போக, மிஞ்சியவற்றில் பல துணி துவைக்கும் கல்லாகவும் மதில் கல்லாகவும் மாறக்கூடிய நிலையில் இருக்கின்றன. ஆறுதலும் உண்டு. 1909-இல் தொடங்கிய மிதிக் சொசைட்டி என்ற அமைப்பு, பெங்களூரு நகரின் கல்வெட்டுகளை முப்பரிமாண முறையில் ஸ்கேன் செய்து பதிவுசெய்து வருகிறது. ஹெப்பாள் மக்களும் ஆர்வலர்களும் சேர்ந்து கிட்டையன் கல்லுக்கு மண்டபமே எழுப்பிவிட்டார்கள்.

பெங்களூருவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பேகூருக்கும் ஹெப்பாளுக்கும் போய்வர வேண்டும். எத்தனை பேரை வென்றாய் என்று இந்தக் கற்கள் கேட்பதில்லை. யாருக்காக நின்றாய் என்றே கேட்கின்றன. வீரத்துக்கு இதைவிட நேர்மையான அளவுகோலை நம் பிள்ளைகளுக்கு எந்தப் பாடப்புத்தகமும் தந்துவிட முடியாது.