விற்ற பொருளைத் திருப்பித் தர முடியாதா?

நம் தோட்டங்களில் திருமணம், காதணி விழா, கோயில் தீமிதி என்று எந்த விசேஷம் வந்தாலும் படம் எடுக்காமல் விடுவதில்லை. கைப்பேசியே போதும் என்பாரும் உண்டு. நல்ல காமிரா ஒன்று வாங்கி, விசேஷங்களுக்குப் படமெடுத்து நாலு காசு சம்பாதிக்க முனையும் பிள்ளைகளும் உண்டு. நல்ல முயற்சிதான். ஆனால், 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். காமிராவின் விலையோ பல வேளைகளில் அதையும் தாண்டும். வாங்கியது பழுதாக அமைந்தால், ஒரு மாத உழைப்பு வீணாகிவிடும் அல்லவா?

மூவார் பட்டணத்துக்குப் போய்ப் பொருள் வாங்குகிறோம். ரசீதின் அடியில், 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று மலாயில் ஒரு வரி இருந்தால், அதோடு நம் வாய் அடைத்துப் போகிறது. அப்படி அஞ்ச வேண்டியதில்லை. 1999 நவம்பர் 15-இல் நடப்புக்கு வந்த பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்றும், சொன்ன விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்றும் கூறுகிறது. இந்த உரிமையை ரசீதில் அச்சடித்த ஒரு வரியால் பறித்துவிட முடியாது.

அப்படியானால் எதையும் திருப்பிக் கொடுத்துவிடலாமா? முடியாது. நிறம் பிடிக்கவில்லை, அடுத்த கடையில் விலை குறைவு என்பதற்காகத் திருப்பித் தரச் சட்டம் இடம் தரவில்லை. அது கடைக்காரரின் நல்லெண்ணத்தைப் பொறுத்தது. ஆகவே, மாற்றித் தருவார்களா, எத்தனை நாளுக்குள் என்று பணம் கட்டுமுன் கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

கடையை விட்டுப் புறப்படுமுன் சிலவற்றைச் சோதித்துப் பார்ப்போம். பெட்டியில் உள்ள எண்ணும் காமிராவில் உள்ள எண்ணும் ஒன்றுதானா? வில்லையில் கீறலோ பூஞ்சணமோ உண்டா? மூடியைப் போட்டபடியே ஒரு படம் எடுத்தால், கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றனவா? உத்தரவாதம் மலேசிய முகவர் தருவதா, கடை மட்டும் தருவதா? கால் மணி நேரம் போதும்.

வீட்டுக்கு வந்த பிறகு பழுது தெரிந்தால், உடனே போக வேண்டும். நாள் கடத்தினால் பொருளை வேண்டாமென்று மறுக்கும் உரிமை போய்விடக்கூடும். சரிசெய்யக்கூடிய பழுதென்றால், நியாயமான காலத்துக்குள் கடைக்காரர் பழுதுபார்த்தோ, வேறொன்று மாற்றியோ தர வேண்டும். அது இயலாதபோது பணத்தைத் திருப்பலாம். பெரும் பழுதென்றால் நாமே அந்தப் பொருளை மறுக்கலாம். 'கம்பெனியிடம் போய்க் கேளுங்கள்' என்று சொல்லி விற்றவர் கைகழுவ முடியாது, அவருக்கும் பொறுப்புண்டு. ஆனால் நாம் கீழே போட்டு உடைத்ததற்கும், மூவாரின் ஈரக்காற்றில் காப்பின்றி வைத்துப் பூஞ்சணம் பிடிக்க விட்டதற்கும் கடையைக் குறை சொல்ல முடியாது.

கடைக்காரர் இணங்காவிட்டால், பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மலாயில் அதனை டிரிபுனல் துந்துத்தான் பெங்குனா என்பார்கள். மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். 2019 முதல் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். பொதுவாக வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை. நம் வழக்கை நாமே சொல்லலாம். தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றமாகும்.

மலாய் எழுதத் தயங்கும் பெற்றோருக்கு, இடைநிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் மனுவை நிரப்பிக் கொடுக்கலாம். ஆனால் கையில் ஆதாரம் வேண்டும். ரசீதின் எழுத்து நாளடைவில் மங்கிப் போகும். வாங்கிய அன்றே நகல் எடுத்து, உத்தரவாத அட்டையோடு பத்திரப்படுத்துவோம். கடைக்காரரிடம் சண்டை வேண்டாம். ரசீதைக் காட்டி, அமைதியாக, உறுதியாகப் பேசுவோம். நாம் கேட்பது சலுகையன்று, உரிமை.