கோமாரி வைத்துவிட்டுப் போகும் கடன்

கிராமங்களில் கோமாரி என்று வழங்கப்படும் கால் வாய் காணை நோய், பிளவுபட்ட குளம்புடைய மாடு, எருமை, ஆடு, பன்றி ஆகியவற்றைத் தாக்கும் வைரஸ் நோயாகும். வளர்ந்த மாடுகள் பெரும்பாலும் இதில் இறப்பதில்லை என்பதாலேயே, சிறு விவசாயிக்கு இது விளைவிக்கும் நட்டம் குறைத்து மதிப்பிடப்படுகிறது. 2013ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தமிழகத்திலும் கர்நாடகத்திலும் இந்நோய் பரவியபோது செய்தியில் இடம்பெற்றவை இறந்த மாடுகளே; பிழைத்த மாடுகளின் கணக்கு பேசப்படவில்லை.

நோய் கண்ட மாடு நூல்நூலாக எச்சில் ஒழுக நிற்கும். நாக்குக் கொப்புளங்கள் உடைந்து புண்ணாவதால் தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகும். காம்பில் புண் கண்டுவிட்டால் கறக்க விடாது, தேங்கிய பாலால் மடிநோயும் சேர்ந்துகொள்ளும். ஓரிரு கறவைகளை நம்பியுள்ள குடும்பத்தில் சங்கத்துப் பால் பட்டுவாடா நின்றால், மளிகைப் பாக்கியும் மாடு வாங்கிய கடனின் தவணையும் அன்றே நெருக்கத் தொடங்குகின்றன.

புண் ஆறிய பின்னர்தான் பெரிய செலவு வருகிறது. பிழைத்த மாடுகளுள் சில, குறிப்பாகக் கலப்பினங்கள், வெயில் தாங்காமல் மூச்சிரைக்கும். சினை பிடிக்கத் தவறும் ஒவ்வொரு முறையும் அடுத்த பருவத்துக்கு ஏறத்தாழ 21 நாள் காத்திருக்க வேண்டியிருப்பதால், வருமானமின்றியே தவிடும் புண்ணாக்கும் கரைகின்றன. விற்கலாமென்றால், நோய்க்காலத்தில் சந்தைகள் மூடப்படுகின்றன. திறந்த பிறகும் வாயையும் குளம்பையும் பார்க்கும் தரகர் கேட்பது அடிமாட்டு விலைதான். கால்நடைக் காப்பீடோ பெரும்பாலும், காதுவில்லையுள்ள மாடு இறந்தால் மட்டுமே இழப்பீடு தருகிறது. பால் வற்றிய மாட்டுக்கு அதில் வழியில்லை. நட்டத்தின் பெரும்பகுதியை விட்டுவிட்டுச் சிறுபகுதியை ஈடுசெய்யும் ஏற்பாடு இது என்றே சொல்ல வேண்டும்.

ஆகவே தடுப்பூசியே எஞ்சும் அரண். 2019இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இது இலவசமாகப் போடப்படுகிறது. ஊசி போட்டால் ஓரிரு நாள் பால் குறையும் என்று தயங்குவோர் உண்டு. அன்றாடப் பாலில் அடுப்பெரியும் வீட்டில் அந்தத் தயக்கத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. எனினும் எதிர்த்தட்டில் இருப்பது ஓர் ஈத்தின் முழுக் கறவை. கன்றுக்கு நான்காவது மாதத்தில் முதல் ஊசியும், ஒரு மாதம் கழித்து ஊக்க ஊசியும், பின்னர் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் போடப்பட வேண்டும்.