கண்மாயைத் தொடாமலே கண்மாய் வற்றும்

ஈரநிலம் என்றதும் மாணவர்கள் சதுப்பு நிலத்தையே நினைக்கிறார்கள். 1971ஆம் ஆண்டின் ராம்சர் உடன்படிக்கை, மனிதர் அமைத்த நீர்நிலைகளையும் ஈரநிலம் என்றே கொள்கிறது. எனவே நம் ஊர்க் கண்மாயும் ஈரநிலமே.

இடைசெவல், கோவில்பட்டி வட்டாரக் கரிசல் மண் களி மிகுந்தது. கோடையில் வெடிக்கும், ஐப்பசியின் முதல் மழையை அந்த வெடிப்புகள் குடித்துவிடும். ஈரம் ஏறியதும் மண் உப்பி வெடிப்புகள் மூடிக்கொள்ளும். அதன்பின் பெய்யும் மழைதான் வரத்துக்கால் வழியே கண்மாய் சேரும். வரத்துக்காலைத் தூர்த்தாலோ, சீமைக் கருவேலம் அடைத்தாலோ, கரை உறுதியாக இருந்தும் கண்மாய் நிறையாது. கிணறுகளில் ஊற்று குறையும், நீர்ப்பறவைகள் வாரா, வயலுக்கு அடிக்கப் புதுக் கரம்பையும் சேராது.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நடந்ததும் இதை ஒத்ததே. வயலில் தேங்கும் நீரை வடிக்க, உழவர்கள் மண்ணுக்கடியில் வடிகுழாய்களைப் பதித்தனர். விளைச்சல் கூடியது. ஆனால் குட்டைகளில் தங்க வேண்டிய நீர் ஆற்றுக்கு விரைந்தது. புல்வெளி ஈரநிலங்களில் பெரும்பகுதி மறைந்தது. உரத்தின் நைட்ரேட்டும் வழியில் வடிகட்டப்படாமல் ஆற்றில் கலக்கிறது.

பிப்ரவரி 2 உலக ஈரநில நாள். அன்று மாணவர்களைக் கண்மாய்க் கரையோடு நிறுத்திவிடாமல், வரத்துக்கால் வழியே மேல்நோக்கி அழைத்துச் செல்லலாம். நீர் எங்கே தடைப்படும், ஏன் என்பதை அவர்களே வரைபடத்தில் குறிக்கட்டும்.