நேரலைக்கு ரீடேக் கிடையாது

திருநள்ளாற்றில் 2023 டிசம்பர் 20-ம் தேதி மாலை 5.20 மணிக்குச் சனிப்பெயர்ச்சி. வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தவர்களுக்குக் கோபுரமும் கூட்டமும் தீபமும் தாமாகவே திரையில் வந்துபோனதாகத் தோன்றியிருக்கும். இப்படி ஒரு நேரலை நடக்கும்போது கோயில் மதிலுக்கு வெளியே நிற்கும், வெளிப்புற ஒளிபரப்புக்கான ஓ.பி. வேனுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு மானிட்டர். எதிரே, கேமராக்களை மாற்றிக்கொடுக்கும் சுவிட்சரில் விரல் வைத்தபடி ஒருவர். "ரெண்டு ரெடி… ரெண்டு டேக்" என்று தயாரிப்பாளர் சொல்லச் சொல்ல, ஹெட்போன் மாட்டிய கேமராக்காரர்கள் கூட்டத்துக்குள் நின்றபடி அடுத்த ஷாட்டைத் தயார் செய்கிறார்கள். நாகஸ்வரம் மந்திரத்தை மூழ்கடிக்காமல் பார்த்துக்கொள்ள ஒலிக்கென்று தனியாக ஓர் ஆள். தீபாராதனைக்கு ரீடேக் கேட்க முடியாது. கேமரா தவறவிட்ட நொடி போனதுதான்.

எனக்குக் கீழவாஞ்சூர். காரைக்கால் துறைமுகம் இருக்கும் ஊர். தெற்கே கொஞ்ச தூரம் போனால் நாகூர் வந்துவிடும், மாநிலமும் மாறிவிடும். விஸ்காம் படிக்கிறேன் என்றால் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்தச் சேனல்லம்மா வருவே?" என்பதுதான். டி.வி. வேலை என்றால் திரையில் முகம் தெரிய வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் இன்னும் நம்புகிறார்கள். முகம் தெரியாத வேலைகள்தான் அதிகம், நின்று நிலைக்கக்கூடியவையும் அவைதான் என்று அவர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சீரியலையே எடுத்துக்கொள்வோம். அரை மணி நேரத்தில் விளம்பரம் போகச் சுமார் 22 நிமிடம் கதை. நம் தொலைக்காட்சியில் நொடிக்கு 25 ஃபிரேம். அப்படியானால் ஓர் எபிசோடுக்கு 33,000 ஃபிரேம். வாரத்தில் பல நாள் இது தயாராக வேண்டும். செட்டில் பல இடங்களில் இன்னும் பிராம்ப்டிங்தான். உதவி இயக்குநர் வசனத்தை உரக்கச் சொல்ல, நடிகை அதை வாங்கிச் சொல்லி நடிக்கிறார். அந்த மூலக் காட்சியை எடிட்டிங் அறையில் முதன்முதலாகக் கேட்டால் திகைப்பாக இருக்கும். கதாநாயகி அழும் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஓர் ஆண்குரல் கேட்கும். எடிட்டர் அந்தக் குரலைத் தாண்டி முகத்தை மட்டும் பார்த்து வெட்டுகிறார். பிறகு டப்பிங்கில் வேறொருவர் தொண்டையைக் கொடுத்து அந்த அழுகையை உண்டாக்குகிறார். செட்டின் சத்தத்தை எடுத்துவிட்டதால் வளையல், கதவு, காலடி எல்லாவற்றையும் எஃபெக்ட்ஸ் ஆள் புதிதாகச் சேர்க்க வேண்டும். அதன்மேல் பின்னணி இசை. காலை வெயிலில் பாதியும் மாலையில் மீதியும் எடுத்த ஒரே காட்சியைக் கலரிஸ்ட் ஒரே பொழுதாக மாற்றுகிறார். கடைசியில் ஒலி அளவு, கறுப்பு ஃபிரேம், தெரியக்கூடாத விளம்பரப் பெயர் எல்லாவற்றையும் சரிபார்த்த பிறகுதான் எபிசோட் சேனலுக்குப் போகும்.

புதிதாக வருபவருக்குப் பெரும்பாலும் இதில் எதுவும் கிடைக்காது. கேமரா கார்டில் உள்ளதை இரண்டு இடத்தில் நகல் எடுத்து, இரண்டும் சரியா என்று பார்த்து, பெயரிட்டு அடுக்கும் டேட்டா வேலைதான் கையில் வரும். அதைச் சின்ன வேலை என்று நான் நினைக்கவில்லை. ஒரு யூனிட்டின் ஒருநாள் உழைப்பு முழுவதும் அந்தக் கார்டில்தான் இருக்கிறது.

இதற்கெல்லாம் சென்னைக்குப் போய்த்தான் பிள்ளையார் சுழி போட வேண்டும் என்றில்லை. காரைக்காலிலும் நாகப்பட்டினத்திலும் கல்யாண வீடியோ செய்யும் மிக்ஸிங் யூனிட்டுகள் இருக்கின்றன. அவற்றை இளக்காரமாகப் பார்க்கும் சக மாணவர்களோடு எனக்குச் சண்டையே உண்டு. தாலி கட்டும் நேரத்தில் நாலு பக்கமும் கேமரா ஓடும். அந்த நாலையும் ஒரே நொடியில் பொருத்த, கெட்டிமேளம் எழும் இடத்தை ஒலி வரைபடத்தில் கண்டுபிடித்து அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்கிறார்கள். மல்டிகேமரா எடிட்டிங்கின் முதல் பாடமே இதுதான். மண்டபத்து எல்.இ.டி. திரைக்கு அப்போதைக்கப்போது படம் மாற்றிக் கொடுப்பவர் செய்வதும் ஓ.பி. வேன் வேலையின் சிறிய வடிவம். நிறம் பழக டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும்.

முறையாகப் படிக்க இடங்கள் உண்டு. தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம், அனிமேஷன் எல்லாமே பட்டப்படிப்புகள். புனே திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தில் பட்டம் முடித்தவர்களுக்குத் தொலைக்காட்சிக்கென்றே ஓராண்டுப் படிப்புகள் உள்ளன. மட்டக்களப்புக்குப் பக்கத்தில் அமிர்தகழி என்ற கரையோர ஊரில் பிறந்த பாலு மகேந்திரா, கடல் தாண்டி வந்து ஒளிப்பதிவு கற்றது புனேயில்தான். 'மூன்றாம் பிறை'க்குத் தேசிய விருது வாங்கியவர், பின்னாளில் சிறுகதைகளைத் தேடிப் பிடித்துச் சன் டி.வி.க்காகக் 'கதை நேரம்' எடுத்தார். சின்னத்திரை அவருக்குச் சின்ன வேலையாகப் படவில்லை.

கஷ்டத்தை மறைக்கக் கூடாது. சம்பளம் எபிசோடைப் பொறுத்து வரும், தாமதமாகவும் வரும். கையிருப்பு எபிசோடுகள் தீர்ந்துவிட்டால் இரவு முழுக்க எடிட் ஓடும். விடியற்காலை இரண்டு மணிக்கு வேலை முடித்து வெளியே வரும் பெண் எப்படி வீடு போவாள் என்பதற்கு எல்லா நிறுவனங்களிடமும் பதில் இல்லை. பெண்கள் இந்த அறைகளில் குறைவாக இருப்பதற்குத் திறமை காரணமே அல்ல. வண்டி ஏற்பாடு செய்வதைச் சலுகை என்று பேசுவது நிற்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு உடனடியாகச் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. காரைக்காலில் அகில இந்திய வானொலியின் பண்பலை நிலையம் 100.3-ல் ஒலிக்கிறது. எல்லோரும் கேமராவையே தேடிப் போவதால், காது பழகியவர்களுக்குத்தான் இந்தத் தொழிலில் பஞ்சம். கோடை விடுமுறையில் கல்லூரி மாணவர்களை அந்த நிலையத்தில் ஒலிப்பதிவு பழக விடலாம். மைக்கை எங்கே வைத்தால் கடற்காற்று குரலைக் கெடுக்காது என்பதை இந்தக் கரையில் வளர்ந்தவர்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.