ஒற்றியும் வாடகையும்: வீட்டு முதலின் இயல்பு

யாழ்ப்பாணத்துக் காணியுறுதிகளைப் படிப்போர் அறுதி, ஈடு, ஒற்றி, குத்தகை என்னுஞ் சொற்களை அடிக்கடி எதிர்ப்படுவர். அறுதியாவது உரிமை முழுவதையும் விற்றுவிடுதல். ஈடாவது ஆட்சியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு காணியைக் கடனுக்குப் பிணையாக்குதல். ஒற்றியாவது கடன் கொடுத்தோனிடம் காணியின் ஆட்சியையே ஒப்படைத்து, அவன் அதன் பயனை வட்டிக்கு ஈடாக அனுபவிக்க விடுதல். குத்தகை, குறித்த காலவெல்லைக்குப் பயனை விற்பது. வீட்டு வாடகை மாதந்தோறும் புதுப்பிக்கப்படும் ஓர் ஒப்பந்தம். இவ்வேறுபாடுகளை அறியாமலே பலர் வீட்டில் முதலிடுகின்றனர். ஓய்வுபெற்ற ஆசிரியரோ எழுதுவினைஞரோ தமது பணிக்கொடையைக் கொண்டு ஒரு வீடு வாங்கும்போது, வாழ்நாட் சேமிப்பு முழுவதும் ஒரே உறுதியில் அடங்கிவிடுகின்றது. ஆயினும் அவர் விசாரிப்பது பெரும்பாலும் விலை ஒன்றையே.

ஒற்றி பழமையானது. ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பார் இந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்து 1707ஆம் ஆண்டிற் சமர்ப்பித்தார். அதன் தமிழாக்கத்தைப் பன்னிரு முதலியார்கள் ஆராய்ந்து உடன்பட்டனர். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டில் அத்தேசவழமைக்குச் சட்டவலு அளித்தனர். ஒற்றியைப் பற்றி அந்நூல் விரிவாகவே பேசுகின்றது. அக்காலத்தில் அடிமைகளையும் ஒற்றி வைத்தனர் என்பது அதிற் காணும் வெட்கத்திற்குரிய செய்தி. காணியைப் பொறுத்தவரை நூலின் நோக்கு நுட்பமானது: ஒற்றி வைத்தோன் தான் நினைத்த நாளிற் பணத்தை நீட்டிக் காணியை மீட்க இயலாது; பயிரின் இயல்புக்கேற்ப அறுவடை முடிந்த காலத்திலேயே மீட்டல் வேண்டும். உழுது விதைத்தவன் விளைவை இழத்தலாகாது என்பதே இதன் கருத்து. முதலிட்டவனையும் உடையவனையும் ஒருங்கே காக்கும் இவ்விதி, இன்றைய வாடகை உடன்படிக்கைகள் பலவற்றினும் மேலானதெனலாம்.

வயலுக்கு ஏற்பட்ட இம்முறை வீட்டிற்கும் வந்தது. வீட்டை ஒற்றிக்கு எடுப்போர் ஒருதொகைப் பணத்தைக் கொடுத்து, வாடகையின்றி வாழ்ந்து, வெளியேறும்போது அத்தொகையை மீளப்பெறுவர். வட்டியும் வாடகையும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. தென்கொரியாவில் 'ஜொன்சே' எனப்படும் வழக்கமும் இதனை ஒத்ததே. ஆங்கு 2022, 2023ஆம் ஆண்டுகளில் வீட்டுக்காரரிடமிருந்து தம் பணத்தை மீட்க இயலாது குடியிருந்தோர் பலர் இடர்ப்பட்டனர். வாங்கிய தொகையை வீட்டுக்காரர் செலவிட்டுவிட்டால், அடுத்த ஒற்றிக்காரர் வரும்வரை முந்தியவருக்குக் கொடுக்க அவர் கையில் ஒன்றுமிராது. ஒற்றிப்பணம் வருமானமன்று, கடன் என்பதை மறந்ததால் விளையுங் கேடு இது.

இதனினும் ஆழமான இடர் பணத்தின் மதிப்பில் உள்ளது. உறுதியில் எழுதப்படுவது ரூபாத் தொகை; நிலைத்து நிற்பது வீடு. ஒருவர் 1980ஆம் ஆண்டில் 25,000 ரூபாவுக்கு வீட்டை ஒற்றி வைத்துப் போர்க்காலத்திற் புலம்பெயர்ந்து, பல்லாண்டு கழித்து மீட்க வந்தாரெனக் கொள்க. உறுதியின்படி அவர் கொடுக்க வேண்டியது அதே 25,000 ரூபா. அன்று ஒரு குடும்பத்தின் தேட்டமாயிருந்த அத்தொகை இன்று ஒரு மாத வாடகைக்குப் போதுமோ என்பது ஐயம். ஒற்றி பிடித்தவர் இத்தனை காலம் வீட்டை அனுபவித்தாரே என்று உடையவர் கூறுவார்; இடிந்த கூரையைத் தம் செலவில் மேய்ந்து வீட்டைக் காத்ததும் தாமே என்று மற்றவர் கூறுவார். இரண்டிலும் நியாயமுண்டு. 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் முந்திய ஆண்டினும் ஏறத்தாழ 70 வீதம் உயர்ந்திருந்தது. அவ்வாண்டில் ஒற்றிப்பணத்தைக் குறையாது மீளப்பெற்றோரும் உண்மையில் அதன் மதிப்பிற் கணிசமான பகுதியை இழந்தே பெற்றனர். ஆதலின் ஒற்றியின் காலவெல்லை நீளுந்தோறும் ஒருவர் மற்றவருக்கு அறியாமலே ஈந்துகொண்டிருப்பர்.

மாத வாடகையில் இவ்விடர் குறைவு, கணக்கோ கூடுதல். 120 இலட்சம் ரூபா கொடுத்து வாங்கிய வீடொன்று மாதம் 35,000 ரூபா வாடகை தருமாயின் ஆண்டு வருவாய் 4,20,000 ரூபா. அஃதாவது முதலின் 3½ வீதம். வீடு ஆண்டில் ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் 35,000 குறையும். சோலைவரி, வெள்ளையடித்தல், ஓடு மாற்றல், நீரிறைக்கும் பொறியின் பழுது, தரகு ஆகியன 85,000 எனின் எஞ்சுவது 3,00,000 ரூபா, 2½ வீதம். வருமானவரி இதற்கும் அப்பாற்பட்டது. வங்கியில் நிலையான வைப்பிலிட்டால் இதனினும் மிகுதியான வட்டி கிடைத்த ஆண்டுகள் பல. எனினும் வைப்புப்பணம் விலையேற்றத்தாற் கரையும். வளவின் விலையோ பெரும்பாலும் ஏறும். ஆயின் அவ்வேற்றம் விற்கும் நாளிலன்றிக் கைக்கு வாராது. மாத வருவாயை நம்பி வாழ்வோர் அதனைக் கணக்கிற் சேர்த்தல் தவறு. கடன்பட்டு வாங்குவோர்க்கு இது மேலும் பொருந்தும். கடன் வட்டி வாடகையின் நிகர வீதத்தை விஞ்சுமாயின் வீடு தன்னைத்தானே சுமவாது, உடையவரின் சம்பளத்தையே உண்ணும்.

வாடகையிற் சட்டமும் தலையிட்டது. உலகப்போர்க் காலத்தில், 1942ஆம் ஆண்டில், இலங்கையில் வாடகைக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டுச் சட்டமும் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டமும் அதனைத் தொடர்ந்தன. குறித்த சில காரணங்களை நீதிமன்றத்தில் நிறுவினாலன்றிக் குடியிருப்போரை எழுப்ப இயலாதாயிற்று. 1973ஆம் ஆண்டுச் சட்டமொன்று ஒரு குடும்பம் வைத்திருக்கத்தக்க வீடுகளின் தொகையையும் வரையறுத்தது. வீடுகள் அருகியிருந்த காலத்தில் எளியோர் தெருவுக்கு வாராமற் காத்தது இக்கட்டுப்பாடே என்பதை மறுத்தலாகாது. ஆனால் வாடகை நிற்க, சுண்ணாம்பும் மரமும் கூலியும் விலையேறின. ஒழுகும் கூரையை உடையவரும் பாரார், குடியிருப்போரும் பாரார். கொழும்பின் பழைய தெருக்களில் இதன் சுவடுகளைக் காணலாம். 1980ஆம் ஆண்டுத் திருத்தம் புதிதாகக் கட்டப்படும் குடியிருப்பு வீடுகளை இக்கட்டுப்பாட்டினின்று விலக்கியது. ஆகவே பழைய வீடொன்றை வாங்குவோர் அதன் வயதையும், உள்ளே குடியிருப்பவர் எந்த நிலையில் இருக்கின்றார் என்பதையும் அறிதல் இன்றியமையாதது.

உறுதியைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். காணி விற்பனையும் ஒற்றியும் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்படல் வேண்டுமென்பது 1840ஆம் ஆண்டு முதலான சட்டம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கும் இது பொருந்தும். காணிப் பதிவகத்தில் அவ்வுறுதியைப் பதிவு செய்யாது வைத்திருப்போர், பின்னர் எழுதி முன்னர்ப் பதிந்தவரிடம் தோற்க நேரிடும். தேசவழமைக்குட்பட்ட பங்குக்காணியாயின் கூட்டுரிமையாளருக்கும் உரிமைவழியோருக்கும் முதலில் வாங்கும் உரிமையுண்டு. 1947ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழுங்குபடுத்தியது. அவர்களுக்கு முறையாக அறிவியாது முடித்த விற்பனை வழக்கிற் போய் முடிதல் புதிதன்று.

நெடுநாளாட்சியால் உரிமை பெறுதலைப் பற்றிய 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் பத்தாண்டு எதிராட்சியைக் கேட்கின்றது. வாடகைக்கோ ஒற்றிக்கோ அனுமதியோடு புகுந்தவர் அனுமதியாலேயே இருக்கின்றார். ஆண்டுகள் கழிவதால் மட்டும் அவர் உரிமையாளர் ஆகார். ஆனால் அவ்வனுமதியைக் காட்ட எழுத்தொன்றும் இல்லாதபோதே சிக்கல் தோன்றும். போரினால் வழக்காட இயலாதிருந்தோர்க்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கினின்று நீக்கியது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும்படி அயலாரிடம் சாவியை வாய்மொழியாக ஒப்படைத்துச் சென்றோர் அச்சட்டத்தை நாடியபோதும், அயலார் அனுமதியோடு புகுந்தவரே என்பதைக் காட்ட ஒரு துண்டுக் கடிதத்தையேனும் தேட வேண்டியிருந்தது.