வாங்கிய விளையாட்டு யாருக்குச் சொந்தம்?

புது தில்லி: பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் மசோதா, 2025 ஆகஸ்ட் 20-இல் மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் அமளிக்கிடையே, விவாதமின்றி நிறைவேறியது. பிளேஸ்டேஷனிலும் கணினியிலும் ஆட, பணயமின்றி விலைக்கு வாங்கப்படும் விளையாட்டுகளுக்குத் தடையில்லை.

ஆனால், வாங்குவோரின் உரிமை குறித்த கேள்வி அவையில் எழவே இல்லை. 'ஜிடிஏ' வரிசையின் மூன்று பழைய விளையாட்டுகள் 2021 நவம்பரில் மெருகேற்றப்பட்டு மீண்டும் விற்பனைக்கு வந்தன. அதற்கு முன்பே மூலப் பதிப்புகள் இணையக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டன. எதிர்ப்பு கிளம்பிய பிறகே கணினிப் பதிப்புகள் திரும்பின.

விற்கப்படுவது உரிமம் மட்டுமே என்பதை வாங்குவோரிடம் தெளிவாகத் தெரிவிக்குமாறு கலிஃபோர்னியா மாநிலச் சட்டம் 2025 ஜனவரி முதல் கட்டாயப்படுத்துகிறது. ஆந்திரத்தின் வெதுருகுப்பத்து இளைஞருக்கும் தில்லி இளைஞருக்கும் ஜிஎஸ்டி வரி ஒன்றே. வரி வாங்கும் அரசு, அவர்களது உரிமையையும் அவையில் பேச வேண்டாமா?