கத்திக்கு இரண்டே இடம்

மாந்தோப்பில் ஒட்டுக் கட்டுகிறவர்களின் கத்தி தொலைவது பெரும்பாலும் வெட்டி முடித்த அடுத்த நொடியில்தான். வேர்ச்செடியின் தலையைச் சீவி, நடுவில் பிளந்து, இருபுறமும் ஆப்பாகச் சீவிய ஒட்டுக்குச்சியைச் செருகியதும் இரண்டு கையும் வேண்டும். ஒரு கை குச்சியை அசையாமல் பிடிக்கும், இன்னொன்று பாலித்தீன் நாடாவை இழுத்துச் சுற்றும். வெட்டு காய்வதற்குள் கட்டிவிட வேண்டும். அந்த அவசரத்தில் கத்தி காலடியில், சருகின் மேல் இறங்கிவிடுகிறது. கட்டி முடித்ததும் கண் அடுத்த செடிக்குப் போய்விடும்.

ஆடு மேய்க்கிறவர், விறகு பொறுக்குகிறவர், மலையேறப் போகிறவர் யாரைக் கேட்டாலும் இதே கதைதான். இளநீர் சீவியதும் குடிக்க இரண்டு கை வேண்டும். கயிறு அறுத்ததும் முடிச்சுப் போட இரண்டு கை வேண்டும். உட்கார்ந்து எழும்போதும் போகும். லுங்கி மடிப்பில் செருகிய கத்தி குந்தும்போது பின்பக்கமாக நழுவி விழுவது நமக்குத் தெரிவதே இல்லை.

என் கத்தி பெரியகுளம் பக்கத்துப் பட்டறை ஒன்றில் லாரியின் பழைய வில்பட்டையை அறுத்து அடித்தது. கருவேலங்கட்டைப் பிடி, பித்தளைப் பூண். அந்தப் பட்டை எஃகில் கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம் இருக்கும். சரியாகத் தோய்ச்சல் கொடுத்தால் கூர் நன்றாக நிற்கும். ஒட்டுக்கு அதுதான் உயிர். ஒரே இழுப்பில் வழவழப்பாக வெட்டு விழ வேண்டும். மொக்கைக் கத்தி பட்டையை நசுக்கிவிடும், குச்சியின் பச்சைப் படலமும் செடியின் பச்சைப் படலமும் சேராது, ஒட்டு கருகிப்போகும். பிடியும் நாளாக நாளாக என் கைக்கு ஏற்றபடி தேய்ந்து வந்திருக்கிறது. இன்னொன்று அடித்து வாங்கலாம். இந்தக் கைப்பழக்கத்தை வாங்க முடியாது. அந்தக் கத்தி ஒருநாள் தொலைந்தது. அன்று சாயங்காலம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கவலைக்கு வேறு காரணமும் உண்டு. இந்த எஃகில் துருவைத் தடுக்கும் அளவுக்குக் குரோமியம் கிடையாது. ஓர் இரவுப் பனி போதும், மேலே செம்மை படர்ந்துவிடும். அதைவிட முக்கியம், தோப்பில் பலர் வெறுங்காலோடு நடக்கிறார்கள். சருகுக்குள் கிடக்கிற கூர் யார் காலுக்குக் காத்திருக்கிறது என்று சொல்ல முடியாது.

தேடுவதில் ஒரு முறை இருக்கிறது. எங்களுக்குக் கவாத்து செய்ய வரும் அக்காதான் அதைச் சொன்னார். நான் வந்த வழியெல்லாம் சருகைக் கிளறிக்கொண்டிருந்தேன். "தம்பி, கிண்டாதீங்க, இருக்கறதும் புதைஞ்சு போகும். கடைசியா எதை வெட்டுனீங்க, அதைப் பாருங்க" என்றார். புது வெட்டு வெளுத்து, பால் கசிந்து நிற்கும். பழைய வெட்டு கறுத்திருக்கும். வெட்டுகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனால், கத்தி கையில் இருந்த கடைசி இடம் கிடைத்துவிடும். அதற்குப் பிறகு நடந்த தூரம்தான் தேட வேண்டிய தூரம். மறுநாள் காலையில் அங்கேதான் கிடைத்தது, நாடாச் சுருள் வைத்திருந்த கூடைக்கு ஒரு முழம் தள்ளி.

காலையில் கிடைத்ததற்கும் காரணம் உண்டு. உச்சி வெயில் நேர்மேலிருந்து விழுவதால் தரையில் எல்லாம் தட்டையாகத் தெரியும். சாய்ந்த வெயிலில் சின்னப் பொருளுக்கும் நீள நிழல் விழும், இரும்பு பளிச்சிடும். இரவில் தேடுவதானால் டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்து வெளிச்சத்தைப் படுக்கையாக ஓட்டுங்கள். கையால் சருகைத் துழாவ வேண்டாம். கத்தியும் இருக்கிறது, விரியனும் இருக்கலாம். நீளக் கம்பு போதும். புல் அடர்ந்த இடத்திலும் வாய்க்கால் சேற்றிலும் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி மெல்ல இழுத்துப் பார்க்கலாம். சில அங்குலத்துக்குள் இருந்தால்தான் பிடிக்கும் என்பதால், இடத்தைச் சுருக்கிய பிறகே அதற்குப் பயன். கடினப்படுத்திய எவர்சில்வர் கத்தி அலகைக்கூடக் காந்தம் பெரும்பாலும் இழுக்கும்.

இனித் தொலையாமல் பார்ப்பது. முதலில் நிறம். மரப்பிடி, கறுத்த இரும்பு இரண்டும் சருகின் நிறம். பலர் சிவப்பு நாடா சுற்றச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வெளிச்சம் மங்க மங்கச் சிவப்புதான் நம் கண்ணுக்கு முதலில் கறுத்துப்போகிறது. நீலமும் பச்சையும் ஒப்பீட்டில் வெளிறித் தெரிகின்றன. 19ஆம் நூற்றாண்டில் செக் நாட்டு அறிவியலாளர் யான் புர்கினியே கவனித்துச் சொன்ன விஷயம் இது. கத்தி தொலைவதை நாம் உணர்வதோ வேலை முடிந்து கிளம்பும் பொழுதில். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்ணுள்ள ஆண்களும் உண்டு. தோப்புத் தரையில் பச்சை, மஞ்சள், பழுப்பு எல்லாம் கிடக்கின்றன. நீலம் மட்டும் இல்லை. அதனால் பிடியின் வாலில் துளை போட்டு, நீல நைலான் கயிற்றை நான்கு விரல் நீளத்துக்குக் குஞ்சமாகக் கட்டியிருக்கிறேன்.

கயிற்றை நீளமாக விட்டு மணிக்கட்டில் கட்டிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். கடலில் வேலை செய்கிறவர்களுக்கு அது சரி, விழுந்தால் கடல் திருப்பித் தராது. மரத்தடியில் அது ஆபத்து. கை நழுவிய கத்தி கயிற்றில் ஊசலாடி நம் தொடைக்கே வரும். கிளையில் சிக்கினாலும் வெட்டுதான்.

நிறமும் கயிறும் துணைக்குத்தான். கத்திக்குக் கை அல்லது உறை, இந்த இரண்டைத் தவிர மூன்றாவது இடமே கொடுக்கக் கூடாது. கத்தியை நம்பிப் பிழைத்தவர்கள் பலரும் இதைத்தான் செய்திருக்கிறார்கள். நம் பனையேறிகளைப் பாருங்கள். பனை 30 மீட்டர் வரை வளரும். உச்சியில் பாளை சீவுகிற நேரத்தில் அரிவாளை வைக்கத் தரை கிடையாது. நழுவினால் கீழே இருப்பவருக்கு ஆபத்து, இறங்கி மறுபடி ஏற வேண்டும். அதனால் இடுப்பில் அரிவாள் பெட்டி. சீவியதும் கை தானாக அங்கே போகும், கண் பாளையை விட்டு நகராது. குடகு மக்கள் ஒடிகத்தியை உறையில்லாமலே முதுகுப்புறம் தோடங் என்ற உலோகக் கொக்கியில் மாட்டுவார்கள், அந்தக் கொக்கிதான் அவர்களுக்கு உறை. பின்லாந்தின் புக்கோ கத்திக்கு உறை ஆழமானது. பிடியின் பெரும்பகுதியையும் விழுங்கி, பட்டனே இல்லாமல் இறுகப் பிடித்துக்கொள்ளும். எட்டிப் பார்க்கும் கொஞ்சப் பிடியைப் பற்றி இழுத்தால் வரும். அந்த ஆழம்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. கடைகளில் விற்கும் உறைகளில் பல, அலகை மட்டும் மூடிவிட்டுப் பிடியை முழுக்க வெளியே விடுகின்றன. புதரில் பட்டாலே கத்தி கழன்றுவிடும். உறையில் பட்டன் வைத்தால், அதைப் போட இன்னொரு கை வேண்டும். அந்தக் கை அப்போது நமக்கு இல்லை.

நல்ல உறையைத் தோப்பிலேயே செய்துகொள்ளலாம். சொட்டுநீர் போட்டபோது மிஞ்சிய பி.வி.சி. குழாயில் ஒரு துண்டு போதும். அலகின் நீளத்தோடு பாதிப் பிடி நீளம் சேர்த்து அறுங்கள். நெருப்பில் வாட்ட வேண்டாம், கருகினால் கெட்ட புகை வரும். கொதிக்கிற தண்ணீரில் சற்று நேரம் போட்டாலே குழாய் இளகிவிடும். இடுக்கியால் எடுத்து, கத்தியின் மேல் ஒரு சுற்றுத் துணி சுற்றி உள்ளே விட்டு, இரண்டு பலகைக்கு நடுவே அழுத்திக் குளிர விடுங்கள். துணியை உருவிய பின் கத்தி இறுக்கமாகவும் இல்லாமல், ஆடாமலும் நிற்கும். ஆடினால் மறுபடி இளக்கி அழுத்தலாம். அடி முனையில் கட்டாயம் ஒரு துளை விட வேண்டும். இல்லாவிட்டால் மழைத் தண்ணீரும் மாம்பாலும் உள்ளே தங்கி அலகைத் தின்றுவிடும். மேலே இரண்டு துளை போட்டு இடுப்பு வாரில் கோத்து, வலக்கைக்காரர் வலது இடுப்பின் பின்பக்கமாகக் கட்டலாம். முன்பக்கம் கட்டினால் குந்தும்போது தொடையில் குத்தும். சாயங்காலம் அலகைத் துடைத்து, துணியில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவிவிட்டு உறையில் போடுங்கள்.